மடை திறப்பும் மூச்சின் நிதானமும்: மனவடுச் சிகிச்சையில் உடல்வழி முறைகள் வந்த பாதை

நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, ஈரக்குலை நடுங்குகிறது. பேரச்சத்தையும் பெருந்துயரத்தையும் தமிழ் உடம்பைக் கொண்டுதான் பேசுகிறது. உடம்பில் தெரியும் துயரத்தை உடம்பின் வழியாகவே ஆற்ற முடியுமா என்ற கேள்விக்கு ஐரோப்பிய, அமெரிக்க உளமருத்துவத்தில் ஏறத்தாழ 130 ஆண்டு வரலாறு உண்டு. இன்று வார இறுதிப் பயிலரங்குகளில், வேகமாக மூச்சு வாங்கச் சொல்லி, அழுது அரற்றி முடித்ததும் ‘உள்ளே தேங்கிய காயம் வெளியேறிவிட்டது’ என்று அனுப்பிவைக்கிறார்கள். அது அந்த வரலாற்றின் ஒரு கிளை. அதிகம் பேசப்பட்ட கிளையும்கூட. ஆனால் மனவடுவுக்கு மருந்தாக நின்று நிலைத்தது வேறொரு கிளை என்பதும், ‘வெளியேற்றம்’ என்ற உவமையே நம்மை வழிமாற்றிவிட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தேங்கிய நீர் என்ற உவமை

வியன்னாவில் யோசெஃப் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895-இல் ஹிஸ்டீரியா குறித்த தங்கள் நூலை வெளியிட்டார்கள். அதிர்ச்சி தரும் நிகழ்வின்போது வெளிப்பட வழியில்லாமல் நெரிபட்ட உணர்ச்சிதான் பின்னாளில் கை கால் விளங்காமை, இருமல், பேச்சடைப்பு எனத் தலைகாட்டுகிறது என்றார்கள். அந்த நினைவை அதற்குரிய உணர்ச்சியோடு சொல்லவைத்தால் குறி மறையும் என்பது அவர்கள் கண்ட வழி. நீராவி எந்திரமும் நீரழுத்தமும் அறிவியலின் முகமாக இருந்த காலம் அது. உணர்ச்சியும் அழுத்தம் ஏறிய திரவமாகத் தோன்றியதில் வியப்பில்லை. நம் வழக்கில் சொன்னால், மடையைத் திறந்துவிட்டால் தேங்கிய நீர் வடிந்துவிடும் என்ற கணக்கு.

அதே காலத்தில் பாரிஸில் பியர் ஜானே வேறு படம் வரைந்திருந்தார். 1889-இல் வெளிவந்த ஆய்வேட்டில் அவர் உணர்ச்சியின் அளவைப் பற்றிப் பேசவில்லை. நிகழ்வு அனுபவத்தின் மற்றப் பகுதிகளோடு கோவையாகச் சேராமல் பிளந்து நிற்பதே நோய் என்றார். ஓட நினைத்துக் கால் எழாதவன், தடுக்க நினைத்துக் கை தூக்காதவன் அந்தச் செயலை மனத்தளவில் இன்னும் முடிக்கவில்லை. முடிக்க உதவுவதுதான் சிகிச்சை என்பது பின்னாளில் அவர் வந்தடைந்த கருத்து. இவ்விரண்டு படங்களுக்கும் இடையிலான இழுபறிதான் அடுத்த நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது. ஃபிராய்டே விரைவில் இந்த வெளியேற்ற முறையை விட்டு விலகினார். ஆனால் உவமை அவரை விட்டு விலகித் தனியாக வாழ்ந்தது.

போர்க்களத்து நெஞ்சு

மூச்சுக்கும் மனவடுவுக்கும் உள்ள தொடர்பை முதலில் ஊன்றிக் கவனித்தவர்கள் படை மருத்துவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சேவையாற்றிய ஜேக்கப் டா கோஸ்டா, 300 சிப்பாய்களைப் பார்த்து 1871-இல் எழுதினார். படபடப்பு, மூச்சிரைப்பு, நெஞ்சுவலி எல்லாம் இருந்தன. இதயத்தில் அதற்கேற்ற பழுது தென்படவில்லை. முதல் உலகப் போரில் சார்ல்ஸ் மையர்ஸ் 1915-இல் ‘குண்டதிர்ச்சி’ என்ற சொல்லை மருத்துவ இதழில் ஏற்றினார்.

1916-17-இல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அப்படிப்பட்ட அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்த டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் நம் ஊருக்கு அந்நியரல்லர். 1901-02-இல் நீலகிரியில் தோடர்களிடையே களப்பணி செய்து, 1906-இல் அவர்களைப் பற்றி விரிவான நூல் எழுதியவர் அவரே. போர் நினைவை மறக்க முயலும்படி நோயாளியை வற்புறுத்துவது கேடு செய்கிறது என்று அவர் கண்டார். அந்த நினைவிலேயே கிடந்து உழல்வதையும் அவர் பரிந்துரைக்கவில்லை.

1920-இல் பிரிட்டிஷ் உளவியலாளர்களிடையே நடந்த விவாதம் இப்போதும் படிக்கத் தகுந்தது. அறிதுயில் நிலையில் சிப்பாயைப் போர்க்களத்துக்கு மீண்டும் கொண்டுபோய், பயத்தைக் கொட்டவைப்பதே குணப்படுத்துகிறது என்றார் வில்லியம் பிரவுன். மையர்ஸும் வில்லியம் மெக்டூகலும் மறுத்தார்கள். விடுபட்டுப்போன நினைவு திரும்பி வந்து மற்ற நினைவுகளோடு இணைவதுதான் மருந்து, கொட்டுவது மருந்தன்று என்பது அவர்கள் வாதம். கேள்வி அன்றே தெளிவாக வைக்கப்பட்டுவிட்டது. இருந்தும் இரண்டாம் உலகப் போரில் டன்கர்க்கிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கும், வட ஆப்பிரிக்கக் களத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் சிரை வழியாகப் பார்பிட்யூரேட் மருந்து ஏற்றி, கதறவைத்து, வியர்க்கவைத்துச் சிகிச்சை நடந்தது.

அந்தச் சிகிச்சையை முன்னின்று செய்த வில்லியம் சார்கன்ட் பின்னர் 1957-இல் எழுதிய நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். உண்மையில் நடக்காத ஒன்றை, எரியும் டாங்கிக்குள் சிக்கியதாக, மருந்து மயக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லியும் அதே கொந்தளிப்பும் அதே நிம்மதியும் வந்தனவாம். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் திருப்புமுனைச் சான்று இது. நடக்காத நிகழ்வுக்கும் அதே ‘வெளியேற்றம்’ வருமானால், வெளியேறியது எது? பழைய காயம் அல்ல. உச்சத்துக்கு ஏற்றப்பட்ட நரம்பு மண்டலம் களைத்து அடங்கியது, அவ்வளவுதான்.

பெர்லினும் ஆஸ்லோவும்

உடல்வழிச் சிகிச்சையின் தந்தை என்று எந்த நூலும் உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெல்ம் ரைக்கைத்தான் சொல்லும். அவர் கண்டது சிறியதன்று. நோயாளி உணர்ச்சியை அடக்கும்போது வயிற்றை இறுக்கி, மூச்சை உள்ளிழுத்தபடி நிறுத்திவிடுகிறார், முழுதாக வெளிவிடுவதில்லை என்று பார்த்தார். நாளடைவில் அது தசைகளில் கவசமாகப் படிகிறது என்றார். 1934-இல் லூசர்ன் மாநாட்டில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் அவரை விலக்கியது. 1939 வரை ஆஸ்லோவில் இருந்தார். பிறகு அமெரிக்கா சென்று, பிரபஞ்ச ஆற்றலைப் பெட்டியில் சேமிப்பதாகக் கிளம்பி, நீதிமன்றத் தடையை மீறிய வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1957-இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய நூல்கள் 1956-இல் அரசாணையால் எரிக்கப்பட்டன. அந்தப் பெட்டிக்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை என்றாலும், நூல்களை எரித்தது வெட்கக்கேடு.

ரைக்குக்குப் பக்கத்திலேயே நின்று, பெயரில்லாமல் போன பெண்களைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெர்லினில் எல்ஸா கிண்ட்லர் (1885–1961) உடற்பயிற்சி ஆசிரியை. இளம் வயதில் காசநோய் வந்தபோது, சுகவாச விடுதிக்குப் போக வசதியில்லாமல், தன் மூச்சை நுணுக்கமாகக் கவனித்து, நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கக் கற்றுக்கொண்டார் என்பது அவருடைய மாணவியர் வழி வந்த செய்தி. அவர் தம் முறைக்குப் பெயர் சூட்ட மறுத்தார். 1926-இல் ஒரே ஒரு கட்டுரை வெளியிட்டார். மூச்சை இப்படி விடு, அப்படி விடு என்று ஏவுவதைத் தவிர்த்தார். எங்கே பிடித்து வைத்திருக்கிறோம் என்று கண்டுகொண்டால் மூச்சு தானே தன் வழியைத் தேடும் என்பது அவர் பாடம். 1945-இல் பெர்லின் போரில் அவருடைய பயிற்சிக்கூடமும் குறிப்புகளும் அழிந்தன. ரைக்கின் நண்பரான உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ ஃபெனிக்கலின் மனைவி கிளேர் இவருடைய மாணவி. 1938-இல் அமெரிக்கா சென்ற சார்லட் செல்வரும் இவருடைய மாணவிதான். எழுதிக் குவித்தவருக்கு வரலாறு கிடைத்தது. கையால் தொட்டுக் கற்பித்தவருக்கு அடிக்குறிப்பு கிடைத்தது.

ஆஸ்லோவிலும் இதே கதை. போருக்குப் பின் உளமருத்துவர் டிரிக்வே பிராட்டோயும் இயன்முறை மருத்துவர் ஓடெல் பூலோவ்-ஹான்சனும் உள்ளேவோல் மருத்துவமனையில் இணைந்து வேலை செய்தார்கள். தசையை அழுத்தித் தளர்த்தும்போது மூச்சு எப்படி மாறுகிறது என்று ஓடெல் ஓயாமல் கவனித்தார். மூச்சு திடீரென நின்றால் கை நிற்கும். நோயாளிக்குத் தாங்கவில்லை என்பதற்கு அது அடையாளம். மூச்சு இங்கே வழிகாட்டும் முள்ளாக இருந்தது, நெம்புகோலாக இல்லை. இந்த முறை இன்றும் நார்வேயின் பொதுச் சுகாதார அமைப்பில் அங்கீகாரம் பெற்ற சிறப்புப் பிரிவாக நடந்துவருகிறது.

கலிஃபோர்னியாவின் பெருமூச்சு

ரைக்கின் மாணவர் அலெக்ஸாண்டர் லோவன் 1956-இல் நியூயார்க்கில் நிறுவிய பயிற்சிக் கழகத்தில், முதுகை வளைத்து முக்காலிமேல் சாய்ந்து மூச்சு விடுவதும், மெத்தையை உதைத்துக் கத்துவதும் சிகிச்சையாயின. 1970-களில் லியனார்ட் ஆர் ‘மறுபிறப்பு’ மூச்சு முறையைத் தொடங்கினார். பிராகில் பிறந்த உளமருத்துவர் ஸ்தனிஸ்லாவ் குரோஃப், எல்.எஸ்.டி. ஆய்வுக்குக் கதவு சாத்தப்பட்டபின், மனைவி கிறிஸ்டினாவுடன் கலிஃபோர்னியாவின் எசலன் மையத்தில் வேகமூச்சையும் உரத்த இசையையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தார். மருந்து செய்த வேலையை மூச்சு செய்யட்டும் என்பது எண்ணம்.

இந்த வேகமூச்சு உடம்பில் என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். உடல்நலமுள்ளவரின் இரத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய முழு அளவு ஆக்சிஜன் சுமக்கிறது. வேகமாக மூச்சு வாங்கினால் அது பெரிதாகக் கூடுவதில்லை. குறைவது கரியமில வாயு. அதனால் இரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இரத்தத்தில் செயல்படும் கால்சியம் குறைகிறது. உதட்டில் ஊறல், விரல்களில் மரமரப்பு, கை கொக்கிபோல் இழுத்துக்கொள்ளுதல், கனவுபோன்ற மயக்கம் எல்லாம் வரும். ‘விரல் நுனி வழியாகக் காயம் வெளியேறுகிறது’ என்று பயிற்றுநர் சொல்லும் அந்த மரமரப்பு வெறும் வேதியியல். பீதி நோய் உள்ளவருக்கு மூச்சிரைக்கும்போதும் இதேதான் நேர்கிறது. வலிப்பு, இதய நோய், கர்ப்பம், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இது ஆகாது என்று குரோஃப் மரபினரே விலக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பயிலரங்குகளில் இவற்றில் ஏதும் உண்டா என்றாவது கேட்டுவிட்டுப் பாயை விரிக்கட்டும்.

2000-இல் கொலராடோவில் ‘மறுபிறப்பு’ என்ற பெயரில் துணியால் சுற்றி, தலையணைகளை வைத்து அழுத்தியதில் 10 வயதுச் சிறுமி மூச்சுத்திணறி இறந்தாள். மூச்சு விட முடியவில்லை என்று அவள் சொன்னதையும் சிகிச்சையின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆரின் மூச்சு முறைக்கும் இதற்கும் செய்முறையில் ஒற்றுமை இல்லை; பெயர்தான் ஒன்று. ஆனால் கொந்தளிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு குணம் என்ற நம்பிக்கை பொது. அந்த நம்பிக்கைதான் அவள் கெஞ்சலைக் கேட்கவிடாமல் செய்தது. மறு ஆண்டு கொலராடோ அம்முறையைச் சட்டத்தால் தடை செய்தது.

துளித்துளியாக

1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடிக் கோளாறைத் தன் பட்டியலில் சேர்த்ததும் ஆய்வு வேகம் பிடித்தது. உடல்வழிக் கிளையில் பீட்டர் லெவின் 1997-இல் வெளியிட்ட நூல் வெடிக்கவைக்கும் முறையை நேரடியாக எதிர்த்தது. உடம்பில் எழும் உணர்வை ஒரு துளி தொட்டு, பாதுகாப்பான உணர்வுக்குத் திரும்பி, மீண்டும் ஒரு துளி தொட வேண்டும் என்றார். ஜானேயின் முடியாத செயல் இங்கே மறுபடி தலைகாட்டுகிறது. காட்டு விலங்குகள் உதறிக்கொண்டு அதிர்ச்சியிலிருந்து மீள்கின்றன என்ற அவருடைய அடிப்படைக் கதைக்கு ஆதாரம் போதாது. இஸ்ரேலில் 63 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில் இம்முறை பலன் தந்தது. ஒப்பிட்டது காத்திருப்போர் பட்டியலோடுதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பெசல் வான் டெர் கோல்க் 2014-இல் எழுதிய நூலின் தலைப்பு, உடம்பு கணக்கு வைத்திருக்கிறது என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. தசைக்குள் நினைவு கிடப்பதில்லை. மூளை உடம்பை விழிப்பு நிலையிலேயே வைத்திருக்கிறது என்பதுதான் சரி. ஆனால் அதே ஆண்டு அவர் குழு வெளியிட்ட யோகச் சோதனை நூலைவிடக் கவனத்துக்குரியது. மற்றச் சிகிச்சைகளுக்கு இணங்காத 64 பெண்கள், 10 வாரம். முடிவில் யோகக் குழுவில் 52 விழுக்காட்டினரும், உடல்நலப் பாடம் கேட்ட குழுவில் 21 விழுக்காட்டினரும் நோய் வரையறையைத் தாண்டி வந்திருந்தார்கள். அந்த வகுப்பில் ஆசிரியர் தொடுவதில்லை; ‘விருப்பமிருந்தால்’ என்றுதான் ஒவ்வொரு அசைவையும் சொல்கிறார். பின்தொடர் ஆய்வில் எந்தக் குழுவில் இருந்தார்கள் என்பதைவிட, பயிற்சியைத் தொடர்ந்து செய்தார்களா என்பதே நிலைமையைத் தீர்மானித்தது. ஒரே நாளில் வெளியேற்றிவிடும் காயமென்றால் இப்படி இருக்காது.

நிமிடத்துக்கு 6 அளவில் மெல்ல மூச்சு விடும்போது, வெளிமூச்சில் இதயத்துடிப்பு தணியும். இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சையும் வலுப்பெறும். இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதன்மேல் கட்டப்பட்டுள்ள நரம்பியல் கோட்பாடுகள் சில இன்னும் சர்ச்சையில் இருக்கின்றன. மூச்சைக் கவனிக்கச் சொன்னாலே திணறுகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்குப் பாதம் தரையில் படுவதைக் கவனிப்பது நல்ல தொடக்கம்.

நாகையும் வடகிழக்கு இலங்கையும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகத்திலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கே முகாம்களில் இருந்த 183 பேரிடம் யோக மூச்சுப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும். இன்னொன்றுக்கு அதோடு நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சையும். மூன்றாவது குழு 6 வாரம் காத்திருந்தது. 17 முதல் 85 வரை போகும் அளவுகோலில் முதல் இரு குழுக்களும் 6 வாரத்தில் சராசரியாக ஏறத்தாழ 40 புள்ளி இறங்கின. காத்திருந்தவர்கள் 5 புள்ளிகூட இறங்கவில்லை. ஆட்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. முகாம் முகாமாகப் பிரிக்கப்பட்டார்கள். இவ்வளவு பெரிய இறக்கம் மகிழ்ச்சியோடு எச்சரிக்கையையும் தருகிறது.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் இதைவிட எளிமையாகச் செய்துவந்தார். சைவருக்கு மந்திர செபம், கிறித்தவருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்கு திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி என அவரவர்க்குப் பழகிய வழியிலேயே மூச்சை நிதானப்படுத்தலாம் என்றார். ‘மனவடு’ என்ற சொல் அங்கே மருத்துவ வழக்கில் வேரூன்றியது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்தைப் பேசினாலும் அதன் நோக்கம் மனவடு ஆற்றுவதன்று. பழைய நூலில் நவீன சிகிச்சையைத் தேடி எடுப்பதைவிட, மக்கள் கையில் இருப்பதை மருத்துவத்துக்குப் பயன்படுத்திய சோமசுந்தரத்தின் வழி நேர்மையானது.

போரும் பேரலையும் ஒருசேரத் தாக்கிய வடகிழக்கு இலங்கையில் 31 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. இங்கே குலுக்கல் முறை உண்டு. ஒரு குழு தன் வாழ்க்கைக் கதையை நடந்தது நடந்தபடி சொல்லிக் கோவைப்படுத்தியது. மற்றக் குழு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. இரண்டுக்கும் 6 அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். 6 மாதம் கழித்துக் கதை சொன்னவர்களில் 81 விழுக்காட்டினரும், தியானம் செய்தவர்களில் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தார்கள். எந்தச் சிகிச்சையும் பெறாத குழு ஒன்று இல்லாததால், காலமே ஆற்றிய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் ஜானே சொன்ன கோவை, மறு பக்கம் கிண்ட்லர் காத்த நிதானம். இரண்டு குழுவிலும் எந்தக் குழந்தையையும் கதறவைப்பது சிகிச்சையாக இருக்கவில்லை.