வெப்ப அடர்பொருள்: ஆய்வக முறைகளின் வரலாறு

திண்மத்துக்குரிய அடர்த்தி, பல ஆயிரம் முதல் பத்து லட்சம் டிகிரி வரை வெப்பம். இரண்டும் சேர்ந்த நிலையே வெப்ப அடர்பொருள். வியாழன் கோளின் உட்பகுதி அப்படிப்பட்டது. அணுக்கரு இணைவுக்காக லேசரால் நசுக்கப்படும் எரிபொருளும் இந்நிலையைக் கடந்தே போகிறது. உலோகங்களுக்கான கோட்பாடும் பிளாஸ்மாவுக்கான கோட்பாடும் இங்கே தடுமாறுவதால், சோதனையை நம்பியே ஆக வேண்டும். ஆனால் பொருளை அந்நிலைக்குக் கொண்டுபோவதைவிட, அது சிதறுவதற்குள் அளந்து முடிப்பதுதான் பெரும்பாடு.

அளவீட்டுக்கான சமன்பாடுகள் பழையவை. அதிர்ச்சி அலையின் வேகத்தையும் அதன் பின்னே பொருள் நகரும் வேகத்தையும் அறிந்தால் அழுத்தம், அடர்த்தி, ஆற்றல் மூன்றையும் கணக்கிடலாம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ரேங்கினும் ஹூகோனியோவும் காட்டிவிட்டார்கள். அணுகுண்டுக் காலத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸிலும் சோவியத் நாட்டின் சாரோவிலும் வெடிமருந்தைக் கொண்டு உலோகங்கள் இவ்வாறு அளக்கப்பட்டன. பின்னர் நிலத்தடி அணுவெடிப்புகளும் இதற்குப் பயன்பட்டன. வெப்பநிலையை மட்டும் அந்தச் சமன்பாடுகள் தருவதில்லை.

1996இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஈரடுக்கு வாயுத் துப்பாக்கி, திரவ ஹைட்ரஜனை 14 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் உலோகம்போல் மின்சாரம் கடத்த வைத்தது.

அடுத்து எழுந்த சர்ச்சைதான் இத்துறையைப் பக்குவப்படுத்தியது. அதே லிவர்மோரின் நோவா லேசர், ஹைட்ரஜனின் கன ஐசோடோப்பான டியூட்டீரியம் திரவ நிலையில் ஏறக்குறைய ஆறு மடங்கு அடர்வதாக 1997-98இல் காட்டியது. கோட்பாட்டாளர்கள் பலர் எதிர்பார்த்தது நான்கு மடங்கை ஒட்டிய அளவு. அந்த ஆறு மடங்கு சரியென்றால் வியாழனின் கருவம் எவ்வளவு பெரியது என்ற கணக்கே மாறியிருக்கும். சாண்டியா ஆய்வகத்தின் இசட் இயந்திரம் சுமார் 2 கோடி ஆம்பியர் மின்னோட்டத்தின் காந்த விசையால் அலுமினியத் தகட்டை எறிந்து டியூட்டீரியத்தைத் தாக்கியது. 2001இல் வெளியான அதன் முடிவு நான்கு மடங்கை ஒட்டியிருந்தது. ரஷ்யர்களின் அரைக்கோள வெடிமருந்துச் சோதனைகளும் அதன் பக்கமே நின்றன. அடர்த்தி இரு வேகங்களின் வித்தியாசத்திலிருந்து கணக்கிடப்படுவதால், வேகத்தில் நேரும் சிறு பிழை அடர்த்தியில் பல மடங்காகப் பெருகிவிடும். ஆகவே பொருளின் உள்ளே நேரடியாகப் பார்க்கும் வழி தேவைப்பட்டது.

அந்த வழியை எக்ஸ் கதிர் தந்தது. சீகஃப்ரீட் கிளென்சரின் குழு 2003இல், ராச்செஸ்டரின் ஒமேகா லேசரில் சூடேற்றிய பெரிலியத்தின் மீது எக்ஸ் கதிரைச் சிதறவிட்டது. சிதறிய கதிரின் நிறமாலையிலிருந்தே எலக்ட்ரான்களின் வெப்பநிலை தெரிந்தது. 2009இல் ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ் கதிர் லேசர் இயங்கத் தொடங்கியது. அதன் துடிப்பு மெல்லிய அலுமினியத் தாளை விரிவடைய விடாமலே ஏறத்தாழ 20 லட்சம் டிகிரிக்குச் சூடாக்கியது; அம்முடிவு 2012இல் வெளியானது. அங்கேயே 2017இல் பாலிஸ்டைரீனை லேசரால் நசுக்கியபோது நுண்ணிய வைரங்கள் உருவாவதை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு காட்டியது.

ஒற்றை அதிர்ச்சி அலை பொருளை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிடும். அதைத் தவிர்க்க, ஹைட்ரஜன்-ஹீலியம் கலவையை முதலில் வைரப் பட்டடைகளுக்கு இடையே அழுத்தி, பிறகு ஒமேகா லேசரால் தாக்கினார்கள். வியாழனின் உள்ளே நிலவும் அழுத்தத்தில் ஹீலியம் பிரிந்துபோவதற்கான சான்று 2021இல் இப்படித்தான் கிடைத்தது.