ஊவா மலையின் சுதந்திரக் கணக்கு

ஆண்டுதோறும் பெப்ரவரி 4-ஆம் திகதி வந்ததும் நம்மிடையே ஒரு வாதம் எழுவதுண்டு. 1948-இல் பெற்ற சுதந்திரத்திற்கு நன்றி செலுத்துவது நம் கடன் என்பர் பெரியோர். "மலைநாட்டானுக்குக் கிடைத்ததென்ன?" என்று வினவுவர் வாலிபர். இரு சாராரும் உண்மையையே பேசுகின்றனர் என்பது என் எண்ணம். ஆயினும் இவ்வழக்கைத் தீர்க்க 1948-இலிருந்து தொடங்குதல் போதாது. நூற்று முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

மிஷன் பாடசாலையில் நான் கற்ற சரித்திரப் புத்தகத்தில் ஊவாக் கிளர்ச்சி ஓரிடத்திலும் கோப்பிப் பயிர்ச்செய்கை வேறோரிடத்திலும் இருந்தன. இரண்டையும் இணைத்துக் காட்டும் ஒரு வரியேனும் அதில் இல்லை. இணைப்போ நாம் நிற்கும் இந்த மண்ணிலேயே இருக்கின்றது.

1815 மார்ச் 2-ஆம் திகதி கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இரண்டே ஆண்டுகளில், 1817-இன் பிற்பகுதியில், ஊவாவும் வெல்லஸ்ஸையும் கிளர்ந்தெழுந்தன. பதுளையில் அதிகாரியாயிருந்த வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்ட கெப்பட்டிபொல திசாவையே மக்கள் பக்கம் சேர்ந்து, 1818 நவம்பர் 26-ஆம் திகதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். இவை பலரும் அறிந்தவை. அம்மக்கள் யாரைத் தம் அரசனாக வரித்தார்கள் என்பதே நாம் சிந்திக்கத்தக்கது. துரைசாமி என்பது அவர் பெயர்! சிறைப்படுத்தி நாடு கடத்தப்பட்ட நாயக்கர் வமிச அரசனின் உறவினன் என்று அவர் தம்மைக் கூறிக்கொண்டார். அவர் வில்பாவே என்னும் சிங்களவரே என்பது பின்னர் வெளியாயிற்று. அதனால் என்ன? துரைசாமி என்ற பெயரை நம்பித் தன் உயிரைப் பணயம் வைத்த ஊவா விவசாயிக்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றவில்லை அல்லவா?

கிளர்ச்சி இரக்கமின்றி நசுக்கப்பட்டது. வீடுகளும் விளைநிலங்களும் தீக்கிரையாயின. 1840-இன் 12-ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவை ஆக்கிற்று. மலைநாட்டில் அத்தகைய நிலங்களிற் பெரும்பகுதி தோட்டங்களாயிற்று. 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின் தேயிலை வந்தது. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியே நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். 1921-இல் ஒழிக்கப்படும் வரை துண்டு முறை அவர்களைக் கட்டியிருந்தது. கடன் தீர்ந்ததென்ற துண்டு இல்லாதவன் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. கிராமத்தான் நிலத்தை இழந்த மண்ணிலேயே தோட்டத்தான் நடமாடும் உரிமையை இழந்தான். இருவர் இழப்புக்கும் காரணம் ஒரே கைதான். இதை இருவரும் அறியாதிருந்ததே பின்வந்த துயரங்களுக்கெல்லாம் வித்து.

அறிந்தவர் சிலரும் இருந்தனர். 1940-இல் மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. அவ்வாண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். போராட்டம் ஊவாவில் வேவெஸ்ஸைத் தோட்டத்தில் உச்சம் கண்டது. தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். துரையும் அச்சபையைக் கலந்தே நடப்பதாக இணங்க நேர்ந்தது. அவர்களது சங்கத்துக்குப் பின்னின்ற சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் பெரும்பாலோர் சிங்களவர். அவ்வாண்டு ஜூனில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் சிறைப்பட்டனர். 1942-இல் சிறையினின்று தப்பி இந்தியா சென்று, அங்கும் விடுதலைப் போரிலே கலந்தனர். சுதந்திரத்திற்கு நன்றி கூறும் நாளில் இவர்களுடைய பெயர்களை நம் மேடைகளில் நான் கேட்டதில்லை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணை நின்றது. இதுவே ஆளுவோர் கண்ணை உறுத்தியது. சுதந்திரக் கொடி ஏறிய அதே ஆண்டில், 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். இடதுசாரிகள் அதனை எதிர்த்தனர். இன்று தோட்டத் தமிழருக்கு நேர்வது நாளை ஏனைய தமிழருக்கும் நேரும் என்று எஸ். ஜே. வி. செல்வநாயகம் எச்சரித்தார். ஜீ. ஜீ. பொன்னம்பலமோ அவ்வாண்டே மந்திரி சபையிற் சேர்ந்து, 1949-இன் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். ஆகவே இதனைச் சிங்களவர் தமிழருக்கு இழைத்த தீங்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் சரித்திரமாகாது. சிங்களவருள் நமக்காக நின்றவர் இருந்தனர்; தமிழருள் நிற்காதவரும் இருந்தனர்.

பின்னர் நடந்தவற்றை முதியோர் நன்கறிவர். 1952-இல் சத்தியாக்கிரகம். 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பொருள்போலப் பங்கிட்டனர், மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதி பாதியாகப் பிரித்தனர். தலைமன்னார்க் கப்பலேறிய உறவினரை எண்ணி இன்றும் கண் கலங்குவோர் நம்மிடையே உளர். இனக் கலவரங்களும் போரும் நாட்டைப் பிளந்து கிடந்த காலத்திலேயே, 1986-இலும் 1988-இலும் வந்த சட்டங்கள் சிக்கலைப் பெருமளவு தளர்த்தின. முடிவாக 2003-இன் 35-ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. எதிலும் ஒன்றுபடாத கட்சிகள் இதில் ஒன்றுபட்டன. அவ்வாண்டின் இறுதியில், பத்து நாட்களளவில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரசாவுரிமைப் பத்திரம் பெற்றனர். சுதந்திரம் கொழும்பிலிருந்து தோட்டத்து லயத்துக்கு வந்து சேர ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

வந்து சேர்ந்தது முழுவதுமா? பிரசாவுரிமை பெற்றவனுக்கும் லயத்துக் காம்பிரா சொந்தமில்லை. மீரியபெத்த மலைச்சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005-இலும் 2011-இலும் எழுந்தது. சொந்த நிலமில்லாத மக்கள் எங்கே போவார்கள்? 2014 அக்டோபர் 29-ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்று மண்ணைத் தோண்டியவர் பெரும்பாலும் சிங்கள இராணுவ வீரர். கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளில் தங்கியிருந்தோருக்குச் சிங்களவரும் முஸ்லிம்களும் வெளியூர்களிலிருந்து உணவும் உடையும் கொண்டுவந்தனர். தப்பியோருக்கென 75 வீடுகள் பூனாகலைப் பக்கத்தில் 2016-இல் கையளிக்கப்பட்டன. மலைநாட்டின் ஏனைய லயங்களில் மழை பெய்யும் இரவுகளில் மக்கள் இன்றும் உறங்காமல் விழித்திருக்கின்றனர்.