உருவம் ஒன்று, எண் இரண்டு

பினாங்கு மாநிலத்துப் பைராம் தோட்டம் போன்ற தோட்டப்புறங்களில் கற்பலகை கொண்டு தமிழ் பயின்ற தலைமுறைக்கு எழுத்தும் எண்ணும் இருவேறு பாடங்களாகவே இருந்தன. இன்று கணினியில் தமிழ் எழுதும் மாணவனுக்கோ எழுத்தே எண்ணாகிவிட்டது. அவன் காண்பது வடிவம். கணினி காப்பதோ எண். இவ்வேறுபாட்டை உணராவிடின் விளையும் இடரை ஓர் எழுத்தின் வரலாறு தெளிவாகக் காட்டும். அவ்வெழுத்து ‘ஶ’ என்பதாம்.

தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளில் இதற்கு இடமில்லை. வடமொழியை எழுதுதற்குப் பல்லவர் காலம் முதல் தமிழகத்தில் வழங்கிய கிரந்த எழுத்துகளுள் இஃதொன்று. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியன தமிழ் அச்சில் நிலைபெற்றன. ஶ தனித்து வழங்குதல் அருகியது. ஆயினும் ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தினுள் அது மறைந்து வாழ்ந்தது. வடமொழியில் அச்சொல்லின் முதலொலி ஸகரமன்று, ஶகரமே.

கணினித் தமிழின் தொடக்கக் காலத்தில் செயலிதோறும் குறியீடு வேறுபட்டது. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தற்கு அதே எழுத்துரு வேண்டியிருந்தது. மலேசியாவில் முரசு செயலியை உருவாக்கிய முத்து நெடுமாறன் முதலாய பலநாட்டு வல்லுநர் பொதுக் குறியீடு காண முயன்றனர். 1990களில் அவ்வாறு அமைந்த ‘திஸ்கி’யில் இக்கூட்டெழுத்து முழுமைக்கும் ஒரே எண் இருந்தது.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி 1991இல் வெளிவந்தது. இந்திய அரசின் ‘இஸ்கி’ தரத்தைப் பின்பற்றி, இந்திய எழுத்து முறைகளுக்கு அதில் 128 இடங்கள் கொண்ட தொகுதிகள் வகுக்கப்பட்டன. ஒத்த ஒலிகள் ஒத்த இடங்களில் அமைந்தன. தேவநாகரித் தொகுதி 2304இல் தொடங்குகிறது. அதன் ஶகரம் 54 எண்கள் கடந்து 2358இல் நிற்கிறது. 2944இல் தொடங்கும் தமிழ்த் தொகுதியில் அதற்கு நேரான இடம் 2998. ஷ 2999, ஸ 3000, ஹ 3001 என இடம்பெற்றன. 2998 மட்டும் வெற்றிடமாயிற்று. எனவே ‘ஸ்ரீ’ எழுத விரும்பியோர் 3000ஆம் எண்ணாகிய ஸகரத்தைக் கொண்டே அதனைத் தொடங்கினர்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2005இல் வெளிவந்த ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் ஶகரம் தன் இடத்தைப் பெற்றது. அதன் பின்னர் 2998, 3021, 2992, 3008 என்னும் வரிசையே இக்கூட்டெழுத்துக்குப் பொருத்தமானதாயிற்று. ஆயினும் 3000இல் தொடங்கும் பழைய வரிசை மறையவில்லை. அதற்குள் எண்ணற்ற பக்கங்கள் அவ்வாறே எழுதப்பட்டிருந்தன. செயலிகளும் விரைந்து மாறவில்லை. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும்.

இதனால் வரும் கேடு யாது? பள்ளியொன்றின் பெயர்ப்பட்டியலில் ‘ஸ்ரீதரன்’ என்னும் பெயரை ஓர் ஆசிரியர் பழைய முறையிலும் மற்றொருவர் புதிய முறையிலும் பதிந்தனர் எனக் கொள்வோம். வேறுபாட்டை நோக்காத தேடல் செயலியில் ஒன்றைத் தேடின் மற்றது கிட்டாது. மாணவன் வகுப்பில் இருப்பான், பட்டியலில் இல்லாதவனாவான்! ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை 3018 என ஓர் எண்ணாகவோ 3014, 3006 என ஈரெண்ணாகவோ எழுதலாம். அவை சமம் என ஒருங்குறியே விதித்துள்ளது. ‘ஸ்ரீ’க்கு அத்தகைய விதி இல்லை.

‘திரு’ என எழுதினால் தொல்லை நீங்கும் என்பாரும் உளர். பொதுச்சொல்லுக்கு அது தகும். ஆனால் ஒருவர் பெயர் அவருடைய உடைமையன்றோ? அதனை மாற்ற நமக்கு உரிமையில்லை.

தூய தமிழெழுத்திலும் இவ்விடர் உண்டு. ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவோர் பலர். கண் அதனைப் பொறுத்துக்கொள்ளும், கணினி பொறுக்காது. ஆதலின், எழுத்தின் வரிவடிவைப் பிழையறக் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் அதன் எண்வடிவையும் பிழையறக் கற்பித்தல் வேண்டும். இன்று நாம் பிழையாகப் பதிவதை நாளைய மாணவன் தேடிக் காணான்.