அர்தபில் கம்பளமும் ஒரு பெயரும்

பிரமுகர் எவரேனும் வந்திறங்கினால் "செங்கம்பள வரவேற்பு" என்று எழுதிப் பழகியவர்கள் பத்திரிகைக்காரராகிய நாங்கள். கம்பளத்தில் நடந்தவரின் பெயரைத் தவறாது எழுதுவோம். அதை நெய்தவரின் பெயரை எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆனால், தன்னை நெய்வித்தவனின் பெயரைத் தானே தாங்கி நிற்கும் கம்பளம் ஒன்று இலண்டனில் உள்ளது.

விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் உள்ள அர்தபில் கம்பளமே அது. நீளம் ஏறத்தாழ பத்தரை மீற்றர். அகலம் ஐந்து மீற்றருக்கும் அதிகம். ஒரு முனையில் பின்னப்பட்டுள்ள சிறு சட்டத்தினுள் பாரசீகக் கவி ஹாபிஸின் ஈரடியும், அதன் கீழே "அரசவையின் ஊழியன், காஷான் ஊர் மக்சூத்" என்ற பொருளில் ஒரு கையொப்பமும், ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் காணப்படுகின்றன. அது கி.பி. 1539-40 ஆகும். ஈரானைச் சபாவிய மன்னர் தஹ்மாஸ்ப் ஆண்ட காலம் அது. சபாவியரின் மூதாதையான சூபி ஞானி ஷேக் சபியுத்தீனின் அடக்கத்தலம் அர்தபில் நகரில் உள்ளது. கம்பளம் அத்தலத்திற்குரியதாகவே அறியப்படுகிறது.

பாவும் ஊடையும் பட்டு; மேற்பரப்பின் முடிச்சுகள் கம்பளி. பாவு நூல்களில் ஒவ்வொரு முடிச்சாகக் கையால் இட்டு, ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைச் செலுத்திச் சீப்பினால் அடித்து இறுக்குவர். அவுரி, மாதுளைத் தோல் போன்றவற்றால் சாயமேற்றிய பத்து வண்ணங்கள் இதில் உள்ளன. இடப்பட்ட முடிச்சுகளோ இரண்டரைக் கோடிக்கும் மேல். நாளொன்றுக்கு ஐயாயிரம் முடிச்சு என்று கணக்கிட்டாலும், ஓய்வின்றி உழைக்கும் தனியொருவருக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். எனவே மக்சூத் ஒருவனே இதனை நெய்திருக்க முடியாது. அவன் பணியை நடத்தியவனாக இருக்க வேண்டும். தறியின் முன் வரிசையாக அமர்ந்து விரல் தேய்ந்தவர்களின் பெயர்கள் அச்சட்டத்தினுள் இல்லை.

கம்பளத்தின் பிற்காலக் கதை இன்னும் துயரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இணையான இரு கம்பளங்கள் ஐரோப்பிய வணிகர் கைக்கு வந்தன. இரண்டும் சிதைந்திருந்தன. ஒன்றை முழுமையாக்குவதற்காக மற்றையதன் பகுதிகளை வெட்டி ஒட்டினர். முழுமையான ஒன்றே கூடுதல் விலைபோகும் என்பது வணிகக் கணக்கு. வில்லியம் மொறிஸின் பரிந்துரையுடன் 1893இல் நூதனசாலை அதனை 2000 பவுணுக்கு வாங்கியது. ஓரக்கரைகளை இழந்த இணைக்கம்பளம் அமெரிக்கா சென்று, ஜே. போல் கெட்டியின் கைக்கு வந்து, 1953இல் அவரது நன்கொடையாக லொஸ் ஏஞ்சலிஸ் நூதனசாலையைச் சேர்ந்தது. இரட்டையராய்ப் பிறந்தவை இன்று இரு கண்டங்களில்.

2009இல் உறவினரைக் காண இலண்டன் சென்றபோது அதனைப் பார்த்தேன். சாயம் மங்காதிருக்க அரை மணித்தியாலத்திற்கு ஒருமுறை பத்து நிமிடங்கள் மட்டுமே விளக்கேற்றினர். அந்த வெளிச்சத்தில் நான் தேடியது பூவேலையை அல்ல, மக்சூத்தின் பெயரைத்தான்.

1990களின் தொடக்கத்தில், மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், என் கட்டுரைகளை விளக்கொளியில் எழுத்தெழுத்தாகக் கோத்த அச்சுக்கோப்பாளர்கள் அப்போது நினைவுக்கு வந்தனர். கட்டுரையின் தலைப்பின் கீழ் என் பெயரைக் கோத்ததும் அவர்களது விரல்களே. அவர்களுடைய பெயர்களை ஒருநாளும் நான் அச்சில் இட்டதில்லை. மக்சூத்தை நோக்கி நான் எழுப்பும் கேள்விக்கு நானும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.