அரசு வண்டியின் எழுத்து: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலிருந்து ஒரு பதிவெண் வரலாறு

சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டிச் செல்லும் ஜீப் அரசுடையதா, தனியாருடையதா என்று தெரிந்துகொள்ள அதன் பதிவெண்ணின் நடு எழுத்தைப் பார்த்தால் போதும். ‘ஜி’ இருந்தால் தமிழ்நாடு அரசின் வண்டி. பேருந்தில் ‘என்’ இருந்தால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வண்டி. ஆந்திராவிலிருந்து வரும் அரசுப் பேருந்தில் அதே இடத்தில் ‘இசட்’ இருக்கும்; அம்மாநிலக் காவல் துறையின் வண்டியில் ‘பி’ இருக்கும். ஆவடிப் பக்கம் போனால் இவை எதுவும் இல்லாமல், மேல்நோக்கிய அம்புக்குறியோடு ராணுவ வண்டிகள் போகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரி ஓட்டுநர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

இந்த எழுத்துகள் எப்படி வந்தன, அவற்றுக்குச் சட்டம் என்ன பொருள் தருகிறது, ஊரார் என்ன பொருள் கொண்டார்கள் என்று இக்கட்டுரை ஆராய்கிறது. ‘ஜி போர்டு வண்டி’ என்றால் யாரும் நிறுத்தாத வண்டி, சுங்கச்சாவடியில் வழிவிடும் வண்டி என்ற எண்ணமே பரவலாக இருக்கிறது. சட்டத்தின் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. அந்த எழுத்து, “இந்த வண்டி செய்வதற்கு நான் பொறுப்பு” என்று அரசு எழுதிக்கொடுத்திருக்கும் ஒப்புதல்.

எம்.சி. 1 முதல் டி.எம்.எக்ஸ். 4777 வரை

சென்னை மாகாணத்தில் மோட்டார் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1907-இல் வந்தது. நகரின் முதல் பதிவெண்ணான எம்.சி. 1, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வைத்திருந்த காருக்குக் கிடைத்தது. கணிதமேதை ராமானுஜன் எழுத்தராக வேலை பார்த்தது இவருடைய அலுவலகத்தில்தான். எம்.சி. 3, உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருடையது. முதல் எண் உயர் அதிகாரிக்கும் மூன்றாவது எண் வணிகருக்கும் ஒரே வரிசையில் போயிருப்பதைக் கவனிக்க வேண்டும். பதவியில் இருப்பவரின் வண்டி என்று சொல்லும் தனி எழுத்து அந்த எண்களில் இல்லை.

1914-இல் இந்தியா முழுவதற்கும் ஒரு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் வந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அடுத்த ஐம்பது ஆண்டுகள் நாட்டின் எண்பலகைகளை ஆண்டது. அதன் ஆறாவது அட்டவணை ஒவ்வொரு மாகாணத்துக்கும் எழுத்துகளைப் பிரித்துக் கொடுத்தது. சென்னைக்கு ‘எம்’ என்று தொடங்கும் எழுத்துக்கூட்டங்கள் வந்தன; மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் சேர்ந்தது பதிவெண். காமராசர் பயன்படுத்திய கறுப்பு செவ்ரோலேயின் எண் எம்.டி.டி. 2727. மாநிலத்துக்கு 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு என்று பெயர் மாறியபின் ‘டி’ என்று தொடங்கும் வரிசைகள் வந்தன. எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் டி.எம்.எக்ஸ். 4777, தியாகராய நகர் நினைவு இல்லத்துக்குப் போகிறவர்கள் இன்றும் அந்தப் பலகையைப் பார்க்கலாம். முதலமைச்சர்களாக இருந்த இருவரின் பெயரோடும் சேர்ந்து நிலைத்துவிட்ட இந்த இரண்டு எண்களும் பொது வரிசை எண்கள். அதிகாரம் வண்டியில் ஏறியிருந்தாலும் எழுத்தில் ஏறியிருக்கவில்லை.

எல்லை நகர்ந்த வட்டாரம்

திருவள்ளூர் மாவட்டத்தை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. எழுத்து மாற்றங்கள் இங்கே எல்லை மாற்றங்களோடு பின்னிக் கிடக்கின்றன. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. சத்தியவேடு அப்படிப் போன ஊர். இந்தச் சாலைகளில் ஓடிய தாசில்தார் ஜீப்பும் போலீஸ் வேனும் எந்த அரசைச் சேர்ந்தவை என்பதே ஏழு ஆண்டுகளுக்குள் இருமுறை மாறியிருக்கிறது. திருத்தணிப் பேருந்து நிலையத்தில் ‘என்’ பேருந்தும் ‘இசட்’ பேருந்தும் இன்று அடுத்தடுத்து நிற்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

இன்னொரு காரணம், அரசு வண்டிகள் பிறக்கும் வட்டாரமும் இதுவே. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலையின் சேசிஸ்கள் மீதுதான் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் பெரும்பாலானவை எழும்பின. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் விஜயந்தா டாங்கியைச் செய்து கொடுத்தது. ‘என்’ எழுத்தையும் அம்புக்குறியையும் தாங்கும் வண்டிகள் ஒரே வட்டாரத்துத் தொழிலாளர் கையிலிருந்து வந்தவை.

1989: எழுத்துக்கு இடம் கிடைக்கிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன், ஜூன் 12 அறிவிக்கையில் மத்திய அரசு மாநிலங்களுக்கு இரண்டெழுத்துக் குறியீடுகளை ஒதுக்கியது, நமக்கு ‘டி.என்.’. அதன்பின் பதிவு அலுவலகத்தின் எண், பிறகு வரிசை எழுத்து, கடைசியில் நான்கு இலக்கம். திருவள்ளூருக்கு 20, செங்குன்றத்துக்கு 18. கும்மிடிப்பூண்டிக்காரர்களின் வண்டிகள் செங்குன்றத்தின் 18-ஐத் தாங்குகின்றன. திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-இல்தான். அதுவரை செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தின் பகுதி.

இந்த அமைப்பில் வரிசை எழுத்துக்கென்று ஒரு தனி இடம் உண்டானது. அந்த இடத்தில் ‘ஜி’யை அரசுத் துறைகளுக்கும், ‘என்’னைப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தமிழ்நாடு ஒதுக்கி வைத்தது. ஒதுக்கிய வரிசை தீர்ந்துபோன அலுவலகங்களில் முன்னால் ஓர் எழுத்துச் சேர்ந்துகொண்டது. சென்னைப் பேருந்துகளில் ‘டி.என். 01 என்’ முடிந்து ‘டி.என். 01 ஏ.என்.’ வந்தது அப்படித்தான்.

எந்த எழுத்தை ஒதுக்குவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கர்நாடகத்தில் அரசுக்கு ‘ஜி’, பேருந்துக்கு ‘எஃப்’. கேரளம் எழுத்தை விட்டுவிட்டு, அரசுப் பேருந்துகளுக்கென்றே கே.எல். 15 என்ற அலுவலக எண்ணைக் கொடுத்தது. ஆந்திரம் காவல் துறைக்குத் தனி எழுத்துக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் காவல் துறை, வருவாய்த் துறை, சுகாதாரத் துறை எல்லாமே ‘ஜி’க்குள் அடங்கும். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை வாசலில் ‘ஜி’ வண்டி வந்து நின்றால், இறங்குபவர் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளரா, வட்டாட்சியரா என்று பலகை சொல்லாது. இதை ஒரு குறையாகவே நான் பார்க்கிறேன். அரசு என்று மட்டும் சொல்லித் துறையைச் சொல்லாத எழுத்து, பொறுப்பைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறது.

நிறத்தைப் பொறுத்தவரை அரசுக்கென்று தனி நிறம் இங்கே இல்லை. 2002 வரை சொந்த வண்டிகளுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து. பிறகு வெள்ளையில் கறுப்பு எழுத்து. வாடகை வண்டிகளுக்கு மஞ்சள். ‘ஜி’ வண்டி சொந்த வண்டிகளோடு வெள்ளைப் பலகையில் சேர்ந்துகொண்டது. ‘என்’ பேருந்து மஞ்சளில் சேர்ந்தது. அரசின் சொத்தே இரண்டு நிறமாகப் பிரிந்ததற்குக் காரணம், ஒன்று ஆட்சி நடத்த ஓடுகிறது, மற்றது கட்டணம் வாங்கி ஓடுகிறது. ராணுவம் இந்த ஏற்பாட்டுக்கே வெளியே இருக்கிறது. சட்டத்தின் 60-ஆவது பிரிவு பாதுகாப்புக்குப் பயன்படும் மத்திய அரசு வண்டிகளைத் தனியே பதிவு செய்ய இடம் தருவதால், ஆவடியில் காணும் அம்புக்குறி வண்டிகளுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேலை இல்லை.

காப்பீடு இல்லாத வண்டி

எழுத்தின் கனம் தெரிய வேண்டுமானால் காப்பீட்டுப் பிரிவைப் படிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக் கூடாது என்ற விதி இந்தியாவில் 1946 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் வணிக நோக்கமில்லாமல் ஓடும் மத்திய, மாநில அரசு வண்டிகளுக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டமே விலக்குக் கொடுத்தது. இன்றைய சட்டத்தின் 146-ஆவது பிரிவும் அதையே தொடர்கிறது. போக்குவரத்துக் கழகங்கள், இழப்பீட்டுக்கென்று தனி நிதி வைத்திருந்தால் அதே விலக்கைப் பெறலாம்.

விலக்கு என்றதும் சலுகை என்றுதான் காதில் விழும். அதன் உள்ளே இருக்கும் கணக்கு வேறு. தனியார் வண்டி மோதினால் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கும். காப்பீடு எடுக்காத அரசு வண்டி மோதினால் கருவூலம்தான் கொடுக்க வேண்டும். அரசு மறுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 1962-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. உதயப்பூர் ஆட்சியரின் ஜீப்பை ஓட்டுநர் பணிமனையிலிருந்து திருப்பி ஓட்டி வந்தபோது, சாலையோரம் நடந்து சென்றவர் மீது மோதினார், அவர் இறந்தார். மனைவி வித்யாவதி வழக்குப் போட்டார். இறையாண்மை அதிகாரம் கொண்ட அரசு இதற்குப் பொறுப்பேற்காது என்பது ராஜஸ்தான் அரசின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேறெந்த முதலாளியும் தன் ஓட்டுநரின் தவறுக்கு எப்படிப் பொறுப்போ, அப்படியே அரசும் பொறுப்பு என்று தீர்ப்பானது. இழப்பீடு 15,000 ரூபாய். இந்திய அரசு வண்டிகளின் வரலாற்றில் எந்த அறிவிக்கையையும்விட இந்தத் தீர்ப்பு முக்கியமானது என்பேன். அது வராமல் போயிருந்தால் ‘ஜி’ என்ற எழுத்து வெறும் மிரட்டலாக நின்றிருக்கும்.

அந்தப் பொறுப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அரசுப் பேருந்து ஜப்தியாகும் நாளில் பார்க்க வேண்டும். விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் இழப்பீடு விதிக்கிறது, கழகம் இழுத்தடிக்கிறது, குடும்பம் நிறைவேற்று மனு போடுகிறது. நீதிமன்ற அமீனா உத்தரவோடு பேருந்து நிலையத்துக்கு வருகிறார். கையிலுள்ள தாளில் இருக்கும் எண்ணையும் பேருந்தின் மஞ்சள் பலகையையும் ஒத்துப் பார்க்கிறார். பயணிகள் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றப்படுகிறார்கள். முன் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. வண்டி நீதிமன்ற வளாகத்துக்குப் போகிறது. பணம் கட்டிய பிறகே டெப்போவுக்குத் திரும்பும். தமிழ்நாட்டு நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வரும் செய்தி இது. ஒரு சாமானியக் குடும்பம் அரசின் சொத்தைக் கையைப் பிடித்து நிறுத்த முடிகிறது. அதற்குக் கைப்பிடியாக இருப்பது அந்தப் பலகை.

அமெரிக்காவில் எழுத்துக்கும் விலக்குக்கும் உள்ள உறவின் வேறொரு முகம் தெரிகிறது. கலிபோர்னியாவில் அரசு வண்டிகளின் பலகையில் ‘ஈ’ என்ற எழுத்து இருக்கும். பதிவுக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்ற வண்டி என்பதே அதன் அடையாளம். விலக்கை அங்கே பலகையிலேயே பொறித்துவிட்டார்கள். இங்கே விலக்கு சட்டப் புத்தகத்துக்குள் இருக்கிறது. பலகையில் உரிமையாளர் மட்டும் தெரிகிறார்.

விளக்கு போனது, ஸ்டிக்கர் வந்தது

பதிவெண்ணே இல்லாமல் அசோகச் சின்னத்தோடு மட்டும் ஓடிய வண்டிகளும் இருந்தன: குடியரசுத் தலைவர், ஆளுநர்கள் போன்றோரின் கார்கள். விபத்து நேர்ந்தால் அடையாளம் சொல்ல வழியில்லை என்று தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றுக்கும் பதிவெண் வேண்டும் என்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 மே 1 முதல், சிவப்புச் சுழல்விளக்குகள் நாடு முழுவதும் போயின. சட்டம் மெல்ல மெல்ல எல்லா அலங்காரத்தையும் கழற்றி, எழுத்தையும் எண்ணையும் மட்டும் விட்டுவைத்தது.

கழற்றிய அலங்காரம் வேறு வழியில் திரும்பி வந்தது. சொந்தக் காரின் முன் கண்ணாடியில் ‘அ’ என்றோ ‘ஜி’ என்றோ சிவப்பில் ஒட்டிக்கொள்வது வழக்கமானது. 2024 மே 2 முதல் இத்தகைய ஸ்டிக்கர்களுக்கு அபராதம் விதிக்கச் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை இறங்கியது. ஒட்டுபவருக்கு எழுத்தின் மரியாதை வேண்டும். அதோடு வரும் பொறுப்பு வேண்டாம். மறுபக்கம், துறைகள் வாடகைக்கு எடுக்கும் கார்கள் மஞ்சள் பலகையோடு ‘அரசுப் பணிக்காக’ என்ற அட்டையை வைத்துக்கொண்டு ஓடுகின்றன. அந்த வண்டி மோதினால் பாதிக்கப்பட்டவர் யாரைத் தேடிப் போவார்? காப்பீட்டு நிறுவனத்தையும் வண்டி முதலாளியையும்தான். அரசின் வேலை நடக்கிறது. அரசின் எழுத்து அங்கே இல்லை. ஸ்டிக்கரைவிட இதுதான் கவலைப்பட வேண்டிய மாற்றம்.

பதினைந்து ஆண்டு வரம்பு

2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய வண்டிகளுக்கெல்லாம் ஹாலோகிராமும் லேசர் எண்ணும் கொண்ட உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயம். அரசு வண்டிகளுக்கும் அதுவே. பழைய வண்டிகளின் கதை 2023 ஜனவரியில் வந்த விதித் திருத்தத்தோடு முடிகிறது. அதன்படி 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு, பதினைந்து ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பாதுகாப்பு, சட்டம் ஒழுங்குப் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. தாலுகா அலுவலக மரத்தடிகளில் துருவேறி நிற்கும் ஜீப்புகளும் அம்பாசிடர்களும் பழைய இரும்பாகப் போகின்றன.

வண்டி போவதில் எனக்கு வருத்தமில்லை. அதோடு பதிவுச் சான்றும், ஓடிய தூரத்தையும் போன இடத்தையும் நாள்தோறும் எழுதிய லாக் புத்தகமும், கணினிக்கு முந்தைய பதிவேடும் சேர்ந்து அழிவதில்தான் வருத்தம். திருத்தணி கைமாறியபோது எந்த வண்டி எந்த எண்ணுக்கு மாறியது, ‘ஜி’ வரிசையின் தொடக்க எண்கள் எந்தத் துறைகளுக்குப் போயின என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் கிடைக்கும். வண்டியைக் கழிவு செய்யும் துறைகளும், திருவள்ளூர், செங்குன்றம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் இந்த ஆவணங்களை எடைக்குப் போடாமல் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். போக்குவரத்து ஆணையரகம் அதற்கு ஒரு சுற்றறிக்கை விட்டாலே போதும்.