திரும்பி வந்த புட்டிகள்

மும்பையின் தேவ்நாரில் வாழும் நம்மவர்க்கு ஜே. ஜே. ஆஸ்பத்திரி எட்டாத இடமன்று. கோவண்டியில் ரயிலேறி ஸாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம். 1986-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே, நோய் தீர்க்கத் தந்த மருந்தே 14 உயிர்களைக் கொண்டு சென்றது. மூளையிலோ கண்ணிலோ மிகும் அழுத்தத்தைத் தணிக்கக் கிளிஸரின் புகட்டுவது வைத்திய முறை. அந்தக் கிளிஸரினில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அதுவும் நிறமற்றது, இனிப்பானது. நாவும் கண்ணும் வேற்றுமை அறியா, சிறுநீரகமே அறியும். விசாரித்த நீதிபதி லெண்டின் கமிஷன், ஆஸ்பத்திரி நிர்வாகத்தையும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளையும் கடுமையாகக் கண்டித்தது.

ஆனால் இந்நஞ்சு அன்றைக்கே பழைய குற்றவாளி. அரை நூற்றாண்டுக்கு முன், 1937-இல், அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் மாஸெங்கில் என்ற கம்பெனி, ஸல்பா மருந்தை இதே திரவத்தில் கரைத்து, பழச்சுவையூட்டி, 'எலிக்ஸிர்' என்று பெயரிட்டு விற்றது. பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்க்கவுமில்லை. பார்க்கவேண்டும் என்று சட்டமும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள்.

செய்தி எட்டியதும் கம்பெனி ஆயிரத்துக்கு மேற்பட்ட வியாபாரிகளுக்கும் வைத்தியர்களுக்கும் தந்தி அனுப்பியது. சரக்கைத் திருப்பி அனுப்பும்படி கேட்டதே தவிர, ஏன் என்று சொல்லவில்லை! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடம் சுருக்கென்று தைக்கிறது. 'திரும்பப் பெறுதல்' என்பது மிகச் சாதுவான தொடர். அண்டை வீட்டுக்கு இரவல் தந்த பாத்திரத்தையும் நாம் திரும்பப் பெறுகிறோம். அதிகாரிகள் வற்புறுத்திய பின்னரே, உயிருக்கு ஆபத்து என்று இரண்டாவது தந்தி பறந்தது.

அதன் பிறகு நடந்த தேடல் வியக்கத்தக்கது. 239 ஆய்வாளர்களுள் ஏறத்தாழ அனைவரும் ஊர் ஊராக அலைந்தனர். மருந்தை வாங்கிக்கொண்டு மலைப்பகுதிக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் மூன்று வயதுச் சிறுவனைத் தேடுவதற்காக, ஒரு வைத்தியர் தம் திருமணத்தையே ஒத்திவைத்தார். சிறுவன் பிழைத்தான். தயாரான 240 காலனில் 234 காலனுக்குச் சற்று மேல் மீட்கப்பட்டது. இத்தனைக்கும் பறிமுதல் செய்யச் சட்டம் தந்த பிடி, நஞ்சு அன்று. சாராயமே இல்லாத மருந்துக்கு 'எலிக்ஸிர்' என்று பெயரிட்ட சொற்குற்றமே! மறு ஆண்டே அங்கே புதிய சட்டம் பிறந்தது.

நம் நாட்டில் மருந்துச் சட்டம் 1940-இல் வந்தது. திரும்பப் பெறுதலுக்கான மத்திய வழிகாட்டு நெறிகளோ 2012-இல்தான் வெளியாயின. உயிருக்கு ஊறு செய்யும் மருந்தாயின் 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் விற்பனையும் விநியோகமும் நிற்கவேண்டும் என்பது அவற்றின் விதி.

2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருமல் மருந்தருந்திய 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். நாகபுரி வரை கொண்டுசென்றும் பலரைக் காக்க இயலவில்லை. அந்தக் கோல்ட்ரிப் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பது நம்மைத் தலைகுனியச் செய்கிறது. அக்டோபர் முதல் வாரத்தில் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்து, விரைந்து தடை விதித்தது. தொகுதி எண் எஸ்.ஆர். 13, நஞ்சு 48.6 சதவிகிதம் என்று இம்முறை யாவும் ஒளிவின்றி உரைக்கப்பட்டன. ஆனால் அந்தத் தொகுதி தயாரானது மே மாதத்தில். குழந்தைகள் இறக்கத் தொடங்கியது செப்டம்பரில்.