கையெழுத்து மெய், உயில்?

தமிழில் ‘உயில்’, வங்காளத்திலும் ‘உயில்’. தெலுங்கில் அதே ஆங்கிலச் சொல் பாரசீக ‘நாமா’வோடு கூடி ‘வீலுநாமா’ ஆயிற்று. மலையாளத்து ‘ஒஸ்யத்து’ அரபியிலிருந்து வந்தது. மராத்தியின் ‘மிருத்யுபத்ர’ வடமொழிச் சொல். பெயர்களிற் பல கடன் சொற்களாயிருப்பது தற்செயலன்று. தத்து, தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்த தர்ம சாத்திரங்களில் உயிலுக்கெனத் தனித் தலைப்பு இல்லை. இந்துக்களிடையே அது பரவியது காலனிய நீதிமன்றங்களின் காலத்தில்தான். தந்தைக்குச் சொத்தின்மீது கூடுதல் உரிமை தந்த தாயபாக முறை வழங்கிய வங்காளத்தில் அது முன்னதாக வேரூன்றியது. உயிலோடு ஐயமும் வளர்ந்தது. மெய்யுயிலை எடுத்துப் போலியை வைக்கும் சூழ்ச்சியைக் கொண்டு பங்கிம் சந்திரர் 1878-இல் ‘கிருஷ்ணகாந்தேர் உயில்’ என்று ஒரு நாவலே எழுதிவிட்டார்.

1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வங்காளப் பகுதிகளுக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டுமே பொருந்தியது. அதன் எல்லைக்கு வெளியே வாய்மொழி உயிலும் செல்லுபடியாகக்கூடியதாக இருந்தது. 1927 ஜனவரி 1 முதல் இந்துக்கள் எழுதும் உயில்கள் எங்கும், 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுக்கு உட்பட்டன: எழுதியவர் கையொப்பமிட வேண்டும்; குறைந்தது இருவர் சான்றொப்பமிட வேண்டும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு, அவர்களுள் உயிரோடிருக்கும் ஒருவரையாவது சாட்சிக் கூண்டுக்கு அழைக்கச் சொல்கிறது. பதிவு செய்த பிற ஆவணங்களுக்கு அளித்த சலுகை உயிலுக்கு இல்லை. வரைவை எழுதிக் கொடுத்தவர் தாளின் அடியில் பெயரிட்டிருந்தாலே சாட்சியாகிவிட மாட்டார். சான்றளிக்கும் எண்ணத்தோடு ஒப்பமிட்டிருக்க வேண்டும். ‘எழுதியவர்’, ‘சாட்சி’ என்ற இரு சொற்களுக்கிடையிலான இவ்விடைவெளியில் வழக்குகள் பல வீழ்ந்திருக்கின்றன.

ஏன் இத்தனை கெடுபிடி? கிரயப் பத்திரத்தில் ஐயமெழுந்தால் எழுதிக் கொடுத்தவரையே பெரும்பாலும் விசாரிக்கலாம். உயில் பேசத் தொடங்கும்போது அதை எழுதியவர் இருப்பதில்லை.

இந்தச் சிக்கலைத் தெளிவாக எதிர்கொண்டது வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கு. மைசூரைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் 1945-இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட உயில் அது. அதை நீதிமன்றத்தில் முன்வைத்தவரே அதன் நிறைவேற்றுநர். உயிலைத் தயாரிப்பதில் முனைந்து பங்கெடுத்தவரும் அவரே. பெரும் பயனடைந்தவர்களோ அவருடைய புதல்வர்கள். விசாரணை நீதிமன்றம் உயிலை ஏற்றது, உயர்நீதிமன்றம் மறுத்தது. 1958 நவம்பரில் உச்சநீதிமன்றமும் மறுத்தது. நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: ஐயத்துக்குரிய சூழல் இருக்குமாயின், கையொப்பத்தை மட்டும் மெய்ப்பித்தால் போதாது. எழுதியவர் தெளிந்த மனத்தோடு, உள்ளடக்கத்தை உணர்ந்து, தம் விருப்பப்படியே ஒப்பமிட்டார் என்று காட்டி அந்த ஐயங்களைக் களைவது உயிலை முன்வைப்பவரின் கடமை. கணிதத் துல்லியம் தேவையில்லை. விவேகமுள்ள மனம் நிறைவுற வேண்டும்.

பதிவு செய்துவிட்டால் உயில் அசைக்க முடியாதது என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக உள்ளது. அசாமிலிருந்து எழுந்த ராணி பூர்ணிமா தேவி வழக்கில், 1961-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எழுதியவருக்கு வாசித்துக் காட்டாமல், தாம் ஒப்புக்கொள்வது உயிலைத்தான் என்று உணர்த்தாமல் சடங்காக நடந்த பதிவு ஐயத்தைப் போக்காது என்றது. 1976-இல் ஜஸ்வந்த் கௌர் வழக்கில் நீதிபதி சந்திரசூட் மேலும் ஒரு படி சென்றார். ஐயம் சூழ்ந்த உயில் இனி வாதி பிரதிவாதிகளின் பூசல் மட்டுமன்று, நீதிமன்றத்தின் மனச்சான்றையே தொடுவது என்றார்.

இவ்வழக்குகளைப் படிக்கும் மாணவர்கள் வகுத்த விதியைக் குறித்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். பின்னிரு வழக்குகளிலும் சந்தேகத்தை எழுப்பிய சூழல்களுள் ஒன்று, மனைவிக்கு ஏதும் இல்லாமை, அல்லது இருந்தும் இல்லாதது போன்ற சொற்பம். அந்த ஒதுக்கலே உயிலைப் பொய்யாக்கிவிடாது. இயல்பான வாரிசைத் தவிர்ப்பதற்காகவும் உயில் எழுதப்படுவதுண்டு. ஆனால் காரணம் கேட்கப்படும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியம் நடைமுறையில் உள்ளது. 68-ஆம் பிரிவு அதில் 67-ஆம் பிரிவாகியிருக்கிறது. கூண்டேற வேண்டிய சாட்சி அப்படியே இருக்கிறார்.